பிலே தீவு பத்தி பழங்காலத்துல எழுதி வச்சது என்னென்ன? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

எகிப்துல இருக்கிற பிலே கோயில் பத்தி பேச ஆரம்பிச்சாலே ஒரே சந்தேகங்கள் தான் திரும்பத் திரும்ப வருது. யாரு நேர்ல பார்த்து எழுதினது, யாரு கேள்விப்பட்டு எழுதினது, சுவத்துல என்ன இருக்கு, புக்ல என்ன இருக்கு, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய வச்சு, ஒவ்வொண்ணுக்கும் தெரிஞ்சத எழுதியிருக்கேன். வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா பின்னாடி வர்ற பதில் பலதும் முன்னாடி சொன்னத நம்பித் தான் நிக்குது.

பிலேன்னா என்ன? எங்க இருக்கு? யாரு சாமி அங்க?

எகிப்தோட தெக்கு எல்லைல, அஸ்வான் ஊருக்குப் பக்கத்துல, நைல் நதில இருந்த ஒரு குட்டித் தீவு. நைல்ல பாறைங்க நடுவுல தண்ணி கொந்தளிச்சு ஓடுற இடங்கள அருவின்னு எண்ணி நம்பர் போட்டிருக்காங்க, அதுல முதலாவது அருவிக்குக் கொஞ்சம் தெக்கே. அதுக்கு அந்தப் பக்கம் நூபியா. எத்தியோப்பியான்னு கிரேக்கர்கள் எழுதுறது இந்த நூபியாவத் தான், இப்ப இருக்கிற எத்தியோப்பியா நாடு இல்ல, இத மனசுல வச்சுக்கோங்க.

முக்கியமான சாமி ஐசிஸ். செத்துப்போன புருஷன் ஓசிரிஸ் உடம்பத் தேடி எடுத்தவ, ஹோரஸோட அம்மா. கி.மு. 4-ம் நூற்றாண்டுல எகிப்து ராஜா முதலாம் நெக்டனெபோ கட்டினது இன்னைக்கும் நிக்குது, பெரிய கோயில் இரண்டாம் தாலமி (தாலமிகள்னா எகிப்த ஆண்ட கிரேக்க ராஜாக்கள்) காலத்துல ஆரம்பிச்சது, அப்புறம் வந்த தாலமிகளும் ரோம் பேரரசர்களும் சேத்துக்கிட்டே போனாங்க. எகிப்து கணக்குக்கு இது ரொம்ப லேட்டான கோயில். பிரமிடு கட்டி ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆனப்புறம் வந்தது.

அண்ணா, பழைய நூல்கள்ல பிலே பத்தி எழுதினவங்க யாரு யாருன்னு மட்டும் சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்புறம்

கிரேக்கத்துல டியோடோரஸ், ஸ்ட்ராபோ, புளூடார்க். லத்தீன்ல செனெக்கா. பிற்காலத்துல திரும்ப கிரேக்கத்துல பிரிஸ்கஸ், புரோகோபியஸ். அப்புறம் காப்டிக் மொழில (எகிப்துக் கிறிஸ்தவர்கள் எழுதின மொழி) துறவிகள் கதை ஒண்ணு இருக்கு. முக்கியமானவங்க இவ்வளவு தான். எல்லாத்தையும் சேத்தாலும் பிலே பத்தின பகுதி சில பக்கம் தான் வரும், ஒரே நாள்ல படிச்சு முடிச்சிடலாம்.

ஆனா நூல் மட்டும் சோர்ஸ் இல்ல. கோயில் சுவத்துலயும் கூரைலயும் வாசல்லயும் எழுதி வச்சிருக்கிறது இந்த நூல்கள விட எத்தனையோ மடங்கு அதிகம். டெமாட்டிக் எழுத்துல மட்டுமே 400க்கு மேல கிறுக்கல்கள் இருக்கு. டெமாட்டிக்ங்கறது எகிப்து மொழிய வேகமா எழுதுற எழுத்து. அது போக ஹைரோகிளிஃப் (எகிப்தோட பழைய பட எழுத்து), கிரேக்கம், லத்தீன், நூபியாவோட மெரோயிடிக், கடைசில காப்டிக் வரைக்கும் இருக்கு. என்னைக் கேட்டா சுவர் தான் மெயின் புக்கு, மத்தவங்க எழுதினது அதுக்கு ஓரத்துல போட்ட குறிப்பு.

ஹெரோடோட்டஸ் எகிப்து பத்தி அவ்ளோ எழுதியிருக்காரே, அவர் ஏன் பிலே பத்தி ஒண்ணும் சொல்லல?

அவர் போனது கி.மு. 5-ம் நூற்றாண்டு நடுவுல. அஸ்வான் பக்கத்து எலிஃபண்டைன் தீவு வரைக்கும் நானே போய்ப் பார்த்தேன், அதுக்கு மேல கேள்விப்பட்டது தான்னு அவரே எழுதியிருக்காரு. எலிஃபண்டைன்லேர்ந்து பிலே கொஞ்ச தூரம் தான், ஆனாலும் பேரே எடுக்கல. அப்ப அங்க பெரிய கோயில் கிடையாது. பழைய ராஜாக்கள்ல தஹார்க்கா பேர் போட்ட கல்லும் அமாசிஸ் காலத்துச் சின்னக் கோயிலோட கல்லும் கிடைச்சிருக்கு, அதனால சும்மா கெடந்த தீவும் இல்ல, ஆனா வெளியூர்க்காரன் ஆன்னு பார்க்கிற அளவுக்கு அப்ப எதுவும் இல்லன்னு தான் நினைக்கிறேன்.

ஒண்ணு மட்டும் அவர்கிட்ட இருக்கு. சாயிஸ் ஊர்க் கோயில்ல கணக்கு பார்க்கிற ஒருத்தர், சையீனிக்கும் (இன்னைய அஸ்வான்) எலிஃபண்டைனுக்கும் நடுவுல க்ரோஃபி, மோஃபின்னு ரெண்டு மலை இருக்கு, அதுக்கு நடுவுலேர்ந்து தான் நைல் ஊத்தெடுக்குதுன்னு சொன்னாராம். எனக்கென்னவோ அவர் விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தான் பட்டுதுன்னு ஹெரோடோட்டஸ் எழுதறாரு. விளையாட்டு இல்ல, அது அங்க நெஜமான நம்பிக்கை. பிலேல ஹேட்ரியன் வாசல்னு சொல்ற இடத்துல, பாறைக்கு அடில ஒரு குகைக்குள்ள நைல் சாமி ஹாபி உக்காந்திருக்க, பாம்பு ஒண்ணு சுத்தி வளைச்சிருக்கிற மாதிரி செதுக்கி வச்சிருக்காங்க.

நெஜமாவே அங்க போயிட்டு வந்து எழுதினவர் யாராச்சும் உண்டா?

உண்டு, ஸ்ட்ராபோ. ரோம் கவர்னர் ஏலியஸ் காலஸ் கூட கி.மு. 25 வாக்குல போனாரு. எனக்கு இருக்கிறதுலயே ரொம்பப் புடிச்ச பகுதி இது தான், ஏன்னா மனுஷன் தத்துவம் எதுவும் பேசாம கண்ணுல பட்டத எழுதறாரு. சையீனிலேர்ந்து வண்டில, நல்ல சமதரைல போனோம், வழி நெடுக ரெண்டு பக்கமும் பெரிய பெரிய உருண்டைக் கருங்கல்லு ஒண்ணு மேல ஒண்ணா நிக்குதுங்கறாரு. அஸ்வான் கிரானைட்டு தான் அது, அந்தப் பக்கம் இப்பவும் அப்படிப் பாறைங்க கெடக்கு.

அப்புறம் தீவுக்குக் கடக்கறாங்க. படகு குச்சிய முடைஞ்சு செஞ்சது, நம்ம பரிசல் மாதிரின்னு வச்சுக்கோங்க. உள்ள தண்ணி நிக்குது, சில பேர் தண்ணிலயே நிக்கறாங்க, சில பேர் பலகைல உக்காந்துக்கறாங்க, பயந்துக்கிட்டே போனோம் ஆனா பயந்ததுக்கு அர்த்தமே இல்ல, ஓவர்லோடு பண்ணாம இருந்தா ஆபத்து கிடையாதுன்னு முடிக்கறாரு. தீவுல எகிப்தியர்களும் எத்தியோப்பியர்களும் கலந்து இருக்காங்க, ஒரு பருந்த சாமியா கும்பிடறாங்க, அது நம்ம ஊர்ப் பருந்து மாதிரியும் இல்ல எகிப்துப் பருந்து மாதிரியும் இல்ல, பெருசு, கலர் கலரா இருக்கு, ஒண்ணு செத்தா எத்தியோப்பியாலேர்ந்து இன்னொண்ணு கொண்டு வருவாங்களாம், எங்களுக்குக் காட்டினது சீக்கு வந்து சாகுற நெலமைல இருந்துதுன்னு எழுதறாரு. இந்தப் பருந்த மறந்துடாதீங்க, கீழ திரும்ப வரும்.

நேர்ல போனவர்ங்கறதுக்காக எல்லாம் சரின்னு எடுத்துக்க முடியாது. தூரம் 100 ஸ்டேடியாங்கறாரு, அது ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஆகுது, நெஜ தூரம் அதுல பாதி கூட வராது. எலிஃபண்டைன் அளவுக்குப் பெரிய தீவுங்கறதும் தப்பு, பிலே ரொம்பச் சின்னது. பருந்த நம்பலாம், நம்பர நம்ப வேண்டாம்.

யாருமே கால் வைக்கக் கூடாத தீவுன்னு சொல்றாங்களே, அது பிலே தானா?

இல்ல, இங்க தான் முக்காவாசிப் பேர் தடுமாறுறாங்க. பிலேல ஊரே இருந்துது, ஜனங்க குடியிருந்தாங்க, வெளியூர்க்காரங்க வந்து போனாங்க (ஸ்ட்ராபோவே போயிட்டு வந்தாரே). கால் வைக்கக் கூடாத இடம் பக்கத்துலயே மேக்கால இருக்கிற பிகா தீவுல இருந்துது. கிரேக்கர்கள் அத அபேட்டன்னு சொன்னாங்க. ஓசிரிஸோட சமாதி அங்க தான்னு நம்பிக்கை.

மூணு பேர் அத எழுதறாங்க. டியோடோரஸ் கி.மு. 1-ம் நூற்றாண்டுக்காரர், எகிப்துக்கு வந்தவர் தான், ஆனா இந்த இடத்த எழுதும்போது 'சொல்றாங்க'ன்னு தான் ஆரம்பிக்கறாரு. பிலேக்குப் பக்கத்துத் தீவுல ஓசிரிஸ் சமாதி, அதச் சுத்தி 360 கிண்ணம், பூசாரிங்க தினமும் அதுல பால் ஊத்தி ஒப்பாரி பாடுவாங்க, பூசாரி தவிர யாரும் போகக் கூடாது, தெக்கு எகிப்துல இருக்கிற தீப்ஸ் ஊர்ப் பக்கத்து ஜனங்க 'பிலேல படுத்திருக்கிற ஓசிரிஸ் மேல ஆணை'ன்னு சத்தியம் பண்ணா அதுக்கு மேல சத்தியமே கிடையாதுன்னு எழுதறாரு. அந்த ஆணைல பிலேன்னு வர்றதால தான் ரெண்டு தீவும் ஒண்ணுன்னு படிக்கிறவங்க நினைச்சிடறாங்க.

செனெக்கா ரெண்டையும் தெளிவாப் பிரிச்சுச் சொல்றாரு, பிலேக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாறை, பூசாரிங்க தவிர யாரும் மிதிக்க மாட்டாங்கன்னு. பக்கத்துல நைலோட நரம்புன்னு சொல்ற இடத்துல திருவிழா அன்னைக்குப் பூசாரிங்க காசும் ரோம் கவர்னர்கள் தங்கமும் தண்ணில போடுவாங்கன்னும் சொல்றாரு. இவரோட சித்தப்பா முறை ஆள், அதாவது சித்தி வீட்டுக்காரர், எகிப்துல கவர்னரா இருந்தவரு, செனெக்கா வாலிப வயசுல அங்க தங்கியிருக்காரு, அதனால கவர்னர் தங்கம் போடுற விஷயம் வீட்டுல பேசிக் கேட்டதாக் கூட இருக்கலாம்.

அந்தத் தீவுல பறவை உக்காராது, மீன் கிட்ட வராதுன்னு படிச்சேன். இதெல்லாம் கட்டுக்கதை தானே ப்ரோ?

அது புளூடார்க், கி.பி. 2-ம் நூற்றாண்டு தொடக்கத்துல எழுதினது. பறவை இறங்காது, மீன் நெருங்காது, குறிப்பிட்ட காலத்துல பூசாரிங்க மட்டும் கடந்து போய்ப் படையல் வச்சு சமாதிக்கு மாலை போடுவாங்க, ஆலிவ் மரத்த விட உசரமான ஒரு செடி அதுக்கு நிழல் குடுக்குதுன்னு சொல்றாரு.

வார்த்தைக்கு வார்த்தை எடுத்தா கட்டுக்கதை தான், ஆனா எங்கேர்ந்து வந்துதுன்னு கண்டுபிடிக்க முடியுது. முன்னாடி சொன்ன ஹேட்ரியன் வாசல் பிகா தீவப் பார்த்த மாதிரி இருக்கு, அது சுவத்துல அபேட்டனுக்கான சட்டத்த ஹைரோகிளிஃப்ல செதுக்கி வச்சிருக்காங்க. அங்க மேளம் அடிக்கக் கூடாது, யாழோ குழலோ வாசிக்கக் கூடாது, பெரியவன் சின்னவன் யாரும் உள்ள வரக் கூடாது, பறவை புடிக்கக் கூடாது, மீன் புடிக்கக் கூடாது, ஐசிஸ் பத்து நாளைக்கு ஒரு தடவ வந்து நீர் வார்க்கிற நேரத்துல சத்தம் போட்டுப் பேசக் கூடாது. மீன் புடிக்கக் கூடாதுங்கற சட்டம் ஊர் ஊராப் பேசி கிரேக்க நாட்டுல இருக்கிற புளூடார்க் காதுக்குப் போறதுக்குள்ள மீனே வராதுன்னு ஆயிடுச்சு, எனக்கு அப்படித் தான் தோணுது.

இன்னொண்ணு பாருங்க. டியோடோரஸ் 360 கிண்ணம்ங்கறாரு. சுவர்ல சமாதியச் சுத்தி 365 படையல் பீடம்னு இருக்கு, பால் ஊத்துறதும் இருக்கு. எகிப்து வருஷம் 360 நாளும் கூடுதலா 5 நாளும் சேந்தது, நாளுக்கு ஒண்ணுங்கற கணக்கு ரெண்டுலயும் ஒண்ணு தான். அங்க கால் வைக்காத ஒரு வெளிநாட்டுக்காரர் இந்த அளவுக்குச் சரியா எழுதியிருக்காருன்னா பூசாரிங்ககிட்டேர்ந்து வந்த தகவல் தான் அது. ஆனா மேளம் குழல் கூடாதுங்கற இடத்துல ஒப்பாரி எப்படிப் பாடினாங்கன்னு கேட்டா, தடை வாத்தியத்துக்குத் தானேன்னு சொல்லலாம், அதுக்கு மேல நான் இழுக்க விரும்பல.

அப்ப நூல விட கல்வெட்டு தான் உண்மைன்னு எடுத்துக்கலாமா?

கூடவே கூடாது. கல்லுல எழுதறவனுக்கும் ஒரு காரணம் இருக்கும். கி.மு. 29-ல எகிப்தோட முதல் ரோம் கவர்னர் கொர்னேலியஸ் காலஸ் பிலேல ஒரு கல்லு நட்டாரு (ஸ்ட்ராபோ கூடப் போன காலஸ் வேற ஆளு), மேல ஹைரோகிளிஃப், கீழ லத்தீனும் கிரேக்கமும். 15 நாள்ல 5 ஊரப் புடிச்சேன், ரோமானியர்களும் சரி எகிப்து ராஜாக்களும் சரி இதுவரை படை கொண்டு போகாத இடத்துக்கு, அருவிக்கு அப்பால போனேன்னு பெருமை. அப்பட்டமான பொய், பழைய எகிப்து ராஜா துத்மோஸ் காலத்துலயே எகிப்துப் படை அதுக்கு எத்தனையோ தூரம் தெக்கே போயாச்சு. எத்தியோப்பிய ராஜாவோட தூதர்கள பிலேல பார்த்ததச் சொல்லும்போது, லத்தீன்ல ராஜாவத் தன் பாதுகாப்புல ஏத்துக்கிட்டதா இருக்கு, கிரேக்கத்துல ராஜாகிட்டேர்ந்து நட்பு உரிமை கிடைச்சதா இருக்கு. ஒரே கல்லு, ரெண்டு கதை. கடைசில அவர் அகஸ்டஸோட கோவத்துக்கு ஆளாகித் தற்கொலை பண்ணிக்கிட்டாரு, கல்ல உடைச்சு பிலேலயே அகஸ்டஸ் கோயில் கட்டுமானத்துல போட்டுட்டாங்க, 1896-ல தான் வெளிய வந்துது.

பக்கத்து சேஹேல் தீவுல இருக்கிற பஞ்சக் கல்வெட்டு இன்னும் மோசம். ஏழு வருஷப் பஞ்சத்துல ஜோசர் ராஜா க்னும் சாமிக்கு இந்தப் பக்கத்து நிலத்தையெல்லாம் எழுதிக் குடுத்தாருன்னு சொல்லுது. ஜோசர் காலம் கி.மு. 27-ம் நூற்றாண்டு, கல்ல செதுக்கினது தாலமிகள் காலத்துல. அதே நிலத்த தாலமிகள் ஐசிஸுக்குக் குடுத்ததா பிலே சொல்லுது. எலிஃபண்டைன் க்னும் கோயில்காரங்களுக்கும் பிலேகாரங்களுக்கும் இருந்த நிலத் தகராறு தான் இதுக்குப் பின்னாடி இருக்குன்னு பல ஆய்வாளர்கள் நினைக்கறாங்க. பட்டாவ ரெண்டாயிரம் வருஷம் முன்தேதி போட்டு எழுதியிருக்காங்க, வேறென்ன.

ரொசெட்டா கல்லு மாதிரி பிலேலயும் ஒரு கல்லு இருந்துதாமே?

பிலே ஒபெலிஸ்க், அதாவது உசரமான ஒத்தைக் கல்லுத் தூண். 1815-ல பேங்க்ஸ்ங்கற இங்கிலாந்துக்காரர் பார்த்து, பெல்சோனி மூலமா எடுத்துட்டுப் போய்த் தன் தோட்டத்துல நட்டுக்கிட்டாரு, டார்செட்ல கிங்ஸ்டன் லேசில இப்பவும் நிக்குது. தூண்ல ஹைரோகிளிஃப், அடிபீடத்துல கிரேக்கம். ஆனா ரொசெட்டா கல்லுல (ஹைரோகிளிஃபப் படிக்க வழி காட்டின கல்லு) இருக்கிற மாதிரி ஒண்ணு இன்னொண்ணோட மொழிபெயர்ப்பு இல்ல, நெறைய பேர் அப்படித் தான் நினைச்சுக்கிட்டிருக்காங்க. கிளியோபாட்ராங்கற பேர் ரெண்டுலயும் வர்றதால, ஹைரோகிளிஃபப் படிச்சுக் காட்டின ஷாம்போலியனுக்கு எழுத்தப் புடிக்க உதவிச்சு. வால்நட்சத்திரத்துல 2014-ல இறங்கின பிலேங்கற விண்கலத்துக்குப் பேர் வந்தது இதால தான்.

எனக்கு அந்த கிரேக்க மனு தான் முக்கியம். எட்டாம் தாலமிக்கும் அவரோட ராணிங்க ரெண்டு கிளியோபாட்ராக்களுக்கும் பூசாரிங்க எழுதினது: இந்தப் பக்கம் வர்ற அதிகாரிங்க, படைங்க, போலீஸ்காரங்க எல்லாரும் அவங்க செலவ எங்க தலைல கட்டறாங்க, கோயில் நஷ்டத்துல போகுது, உங்களுக்காகப் பண்ற பூஜைக்கே காசு இல்லாமப் போயிடும், நிறுத்தச் சொல்லுங்க. ராஜா சரின்னுட்டாரு, உடனே அதக் கல்லுல வெட்டி வச்சுட்டாங்க, அடுத்து வர்ற அதிகாரிக்குக் காட்டத் தான்.

சாதாரணமா சாமி கும்பிட வந்தவங்க எதாச்சும் எழுதி வச்சிருக்காங்களா, இல்ல எல்லாம் ராஜா பூசாரி தானா?

நெறைய. முக்காவாசி 'இன்னார் வந்தேன், இன்னாருக்காக ஐசிஸக் கும்பிட்டேன்' டைப் தான். பெருசு ஒண்ணு சொல்லணும்னா கி.பி. 253-ல மெரோயி (நூபியாவோட தலைநகர்) ராஜாவோட தூதரா வந்த பசன் எழுதினது, டெமாட்டிக்ல 26 வரி. ராஜா குடுத்து விட்ட தங்கத்தோட வந்தது, திருவிழா பண்ணது எல்லாம் விவரமா இருக்கு. ரோம் ஆட்சிக்குள்ள இருக்கிற கோயில்ல அடுத்த நாட்டு ராஜாவோட ஆள் வந்து உரிமையாத் திருவிழா நடத்தறாரு. எகிப்தியர்களுக்கும் எத்தியோப்பியர்களுக்கும் பொதுவான ஊருன்னு ஸ்ட்ராபோ எழுதினது 280 வருஷம் கழிச்சும் அப்படியே தான் இருக்கு.

கடைசி ஹைரோகிளிஃப் பிலேல தான்னு சொல்றது உண்மையா?

தேதி தெரிஞ்சதுல கடைசி, ஆமா. கி.பி. 394 ஆகஸ்ட் 24. நெஸ்மெத்தெரகெம்ங்கற பூசாரி ஹேட்ரியன் வாசல்ல மண்டுலிஸ்ங்கற நூபிய சாமியச் செதுக்கிப் பக்கத்துல எழுதினது. கூடவே டெமாட்டிக்ல ஓசிரிஸ் பொறந்தநாள், வருஷம் 110-ன்னு போட்டிருக்காரு. அது ரோம் பேரரசர் டயோக்ளீஷியன் பட்டத்துக்கு வந்ததுலேர்ந்து எண்ணின கணக்கு. பின்னாடி காப்டிக் கிறிஸ்தவர்கள் தியாகிகள் ஆண்டுன்னு வச்சுக்கிட்டதும் இதே கணக்கு தான்.

எழுத்து மட்டும் தான் அங்க நிக்குது, வழிபாடு நிக்கல. கடைசி டெமாட்டிக் 452 டிசம்பர்ல, ஐசிஸ் பூசாரிங்களோட கடைசி கிரேக்க எழுத்து 456-57ல.

391-லயே பேரரசர் கோயில் எல்லாத்தையும் மூடச் சொல்லிட்டாரே, அப்புறம் 60 வருஷம் எப்படி ஓடிச்சு?

எல்லைல இருந்ததால. தெக்கே பிளெம்மியர், நொபடியர்னு ரெண்டு கூட்டம், ரெண்டு பேருக்கும் ஐசிஸ் சாமி. 453 வாக்குல ரோம் தளபதி மாக்சிமினஸ் இவங்களத் தோக்கடிச்சு 100 வருஷ சமாதான ஒப்பந்தம் போட்டாரு. பிரிஸ்கஸ் அந்தத் தளபதி கூடவே இருந்தவரு, அவர் எழுதறாரு: ஐசிஸ் கோயிலுக்கு அவங்க தடையில்லாம வந்து போகலாம், சாமி சிலையப் படகுல ஏத்தி ஊருக்குக் கொண்டு போய்க் குறி கேட்டுட்டுத் திருப்பிக் கொண்டு வந்து வைக்கலாம். கிறிஸ்தவப் பேரரசு, ஒப்பந்தத்துல ஐசிஸ் சிலைக்கு ஷரத்து! மாக்சிமினஸ் செத்ததும் திரும்ப சண்டை வந்துடுச்சு, அது வேற கதை.

அதே சமயத்துல தீவுல சர்ச்சும் இருந்துது. சையீனி பிஷப் அப்பியோன், பிலேல இருக்கிற சர்ச்சுகளுக்குப் படை இருக்கிற மாதிரி எங்க ஊர் சர்ச்சுகளையும் பிளெம்மியர்கிட்டேர்ந்து காப்பாத்தப் படை குடுங்கன்னு இரண்டாம் தியோடோசியஸுக்கு எழுதின மனு பாப்பிரஸ்ல கிடைச்சிருக்கு, அதுல பேரரசரே கைப்பட ஒரு வரி எழுதியிருக்காரு. அது இப்ப லைடன்ல இருக்கு.

ஜஸ்டினியன் தான் கோயில இடிச்சாருன்னு புரோகோபியஸ் எழுதியிருக்காரு. அவர நம்பலாமா?

பாதி. அவர் சொல்றது: டயோக்ளீஷியன் எல்லையப் பின்னாடி இழுத்து, இங்க ரோமானியர்களுக்கும் பக்கத்துக் கூட்டத்துக்கும் பொதுவாக் கோயில் வச்சுக் குடுத்தாரு, பேரரசர் ஜஸ்டினியன் காலத்துல தளபதி நார்செஸ் வந்து கோயில இடிச்சு, பூசாரிங்களச் செறைல போட்டு, சிலைகள தலைநகர் பைசாண்டியத்துக்கு அனுப்பிட்டாரு. இது 535-537 வாக்குல.

கோயில் டயோக்ளீஷியனுக்கு 500 வருஷத்துக்கு மேல மூத்ததுன்னு மேலயே பார்த்தோம். இடிச்சதும் இல்ல, சுவர் இன்னைக்கும் நிக்குது. உள்ள பிஷப் தியோடோர் அத ஸ்டீபன் சர்ச்சா மாத்தினதா கிரேக்கத்துல எழுதி, சிலுவை ஜெயிச்சதுன்னு போட்டு வச்சிருக்காரு. அதுக்கு மேல ஒரு சிக்கல், 456-57க்கு அப்புறம் சுவத்துல ஐசிஸ் பூசாரிங்க எழுதினது எதுவும் இல்ல. 80 வருஷம் அமைதி. அதனால நார்செஸ் வந்தப்ப அங்க இருந்தது செத்துப்போன கோயில் தான், புரோகோபியஸ் பேரரசருக்குப் பெருசா காட்டறாருன்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க. எழுதலன்னா கும்பிடலன்னு அர்த்தமான்னு மத்தவங்க கேக்கறாங்க. நான் முதல் கட்சிப் பக்கம் சாயறேன், ஏன்னா அந்தக் கடைசிக் கல்வெட்டுகள்ல ஒரே குடும்பத்து ஆளுங்க பேரு தான் திரும்பத் திரும்ப வருது, அதுக்கப்புறம் செய்ய ஆள் இருந்துதான்னே சந்தேகம்.

கிறிஸ்தவர்கள் சைடுல எழுதினது என்ன இருக்கு?

துறவி ஆரோன் கதைன்னு காப்டிக்ல ஒண்ணு. அதுல பிலேயோட முதல் பிஷப் மக்கெதோனியஸ் கோயிலுக்குள்ள போறாரு, கூண்டுல ஒரு பருந்து இருக்கு, எல்லாரும் அதக் கும்பிடறாங்க. பலி குடுக்கணும்னு சொல்லி பூசாரியோட ரெண்டு பசங்கள நெருப்பு மூட்ட வச்சுட்டு, பருந்தோட தலைய வெட்டி நெருப்புல போட்டுடறாரு. பசங்க பயந்து ஓடறாங்க, அப்புறம் கிறிஸ்தவங்களாகி அடுத்தடுத்து பிஷப்பும் ஆயிடறாங்க.

கதை நடக்கிறது 4-ம் நூற்றாண்டுல, எழுதினது அதுக்கு அப்புறம், நம்ம கைல இருக்கிற பிரதி இன்னும் பல நூற்றாண்டு பின்னாடி. அப்படியே நடந்துதுன்னு சொல்ல மாட்டேன், அதே காலத்துல கோயில் நல்லா ஓடினது சுவர்ல தெரியுது. ஆனா கூண்டுப் பருந்துங்கறது யாரோ கற்பனை பண்ணது இல்ல, ஸ்ட்ராபோ பார்த்த அந்தச் சீக்குப் பருந்தோட வாரிசு தான். ஐசிஸ எதிர்க்கிறவங்க எழுதினதுலயும் அங்க என்ன இருந்துதுங்கறது மாட்டிக்கிச்சு.

இப்ப போனா இதெல்லாம் பார்க்க முடியுமா? ஸ்ட்ராபோ இறங்கின அதே தீவா?

அதே தீவு இல்ல. 1902-ல கட்டின அஸ்வான் பழைய அணையால வருஷத்துல பாதி நாள் கோயில் தண்ணில நின்னுது, பெரிய அணை வந்தப்புறம் மொத்தமாப் போற நெலமை. யுனெஸ்கோ உதவியோட 1972-லேர்ந்து 1980-க்குள்ள கல்லு கல்லாப் பிரிச்சு பக்கத்து அகில்கியா தீவுல திரும்ப அடுக்கினாங்க. பழைய தீவு தண்ணிக்குள்ள. கல்லோட எழுத்தும் கூடவே வந்துடுச்சு, அதனால சுவர்ல சொன்னது முக்காவாசி அங்க பார்க்கலாம்.

போனா ஹேட்ரியன் வாசல விட்டுடாதீங்க, நிறைய பேர் பெரிய கோபுர வாசல்ல போட்டோ எடுத்துட்டுக் கெளம்பிடறாங்க. நைல் குகை, அபேட்டன் சட்டம், கடைசி ஹைரோகிளிஃப் மூணும் அந்தச் சின்ன வாசல்ல தான். காலஸ் கல்லு அங்க இருக்காது, அது கெய்ரோ மியூசியத்துக்குப் போயிடுச்சு. ஒபெலிஸ்க்குக்கு இங்கிலாந்து விசா வேணும்.